எழுபத்தெட்டாயிரம் ரூபா வெள்ளை

மேல ஏத்தி வைக்கச் சொல்றான் கண்டக்டர். மேல வைக்கிற சாமானா தாயி இது? நீ முழங்காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கோ, போதும். ரோடு குலுங்கும், நான் மடியிலயே வச்சுக்கிறேன். இந்தா, இதுக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சுக் குடுத்திருக்கான், எவ்வளவு போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு. இப்பெல்லாம் எழுத்தை எறும்பு மாதிரிப் பொடிசா அடிக்கிறாங்க. மை மிச்சம் பிடிக்கிறாங்க போல.

டிவி இல்லை தாயி. பஸ் ஸ்டாண்டுலயும் நாலு பேரு கேட்டாச்சு. இது கம்ப்யூட்டர் மானிட்டர். மானிட்டர்லயே உச்சம். எழுபத்தெட்டாயிரம். ஆமா, நீ கேட்டது சரிதான், எழுபத்தெட்டு. வாயை மூடு, ஈ போயிரும். விலை கேட்டப்ப நானும் இப்படித்தான் நின்னேன்.

நீ எங்க, திருத்தங்கலா? காதுகுத்தா? நல்லது, நல்லது. நான் சிவகாசி. அன்னக்கனின்னு பேரு. சொந்தமா ஒரு ஆப்செட் பிரஸ் இருக்கு. பெரிசா நினைச்சுக்காத, ஒத்த மிஷின். எங்க வீட்டுக்காரர் எடுத்தது. அவுக போயி மூணு வருசம் ஆச்சு. மிஷின் ஓட்டுறது என் மகன் கதிரேசன். கலர் பாஸ் போடுறது நான்.

கலர் பாஸ்னா உனக்கு என்ன தெரியும். கம்ப்யூட்டர்ல படத்தைச் சேத்து முடிச்சதும் ஒருத்தர் உக்காந்து பாக்கணும். தக்காளி தக்காளியா இருக்கா, பால் பாலா இருக்கா, மஞ்சள் தூக்குதா, சிவப்பு அமுங்குதா. பாத்து, இதை இத்தனை குறை, அதை இத்தனை ஏத்துன்னு சொல்லணும். நான் சரின்னு தலையாட்டினப்புறந்தான் பிளேட், அதான் அச்சுத்தகடு, போடுவாங்க. பிளேட்டை மிஷின்ல மாட்டி ஓட்டிட்டா முடிஞ்சது கதை. அறுபதாயிரம் ஷீட் ஓடி வெளிய வந்து விழுந்துரும், திரும்ப வயித்துக்குள்ள போகாது.

நான் நாலாப்புத்தான். கல்யாணமாகி வந்த புதுசுல தரையில உக்காந்து ஷீட் எண்ணிக்கிட்டிருந்தவ. ஒரு நாள் ஊதுபத்திப் பெட்டிக்கு ரோசாப்பூ ஓடுது, மிஷின்மேன் பாத்துட்டான், அவுகளும் பாத்துட்டாக, ஒருத்தருக்கும் தெரியல. நான் தரையில இருந்தே, ‘பூ வாடின மாதிரி இருக்கே’ன்னேன். ஓட்டத்தை நிறுத்திப் பாத்தா சிவப்பு மை பாதிக்குமேல வரவே இல்லை. அன்னைக்கு அவுக தன் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, ‘இங்க வந்து உக்காரு’ன்னாக. முப்பத்தோரு வருசமா அதுலதான் உக்காந்திருக்கேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். ராஜபாளையத்துல ஒரு மாவு மில். தண்ணி ஊத்திக் கலக்கினா இட்லி மாவு ரெடின்னு விக்கிறாங்கல்ல, அந்த மாவு. மொதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி. எங்க வேலையில முக்காவாசி அவரோட அட்டைப்பெட்டிதான். பெட்டியில ஒரு வாழை இலை, இலையில அஞ்சு இட்லி, மேல ஆவி பறக்கும். பாத்தா எடுத்துத் திங்கலாம் போல இருக்கும்.

கம்ப்யூட்டர் வேலை என் மருமக முத்துமீனா. படிச்ச பிள்ளை, கையும் வேகம். வந்ததும் என்ன சொன்னா? ‘அத்தை, நீங்க மிஷின் பக்கம் வரவேண்டாம், மை வாடை நெஞ்சுக்கு ஆகாது. ஸ்கிரீன்ல பாத்துச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்’னா. நமக்கு இப்படி ஒரு மருமகளான்னு சந்தோசப்பட்டேன் தாயி. நான் ஸ்கிரீனுக்கு முன்னால உக்காருவேன். ‘இட்லி மஞ்சளா இருக்கு மீனா.’ ‘சரித்தை.’ ‘இன்னும் கொறை. நீலத்தை ஒரு அஞ்சு ஏத்து.’ ‘ஏத்திட்டேன்த்தை.’ ‘இன்னொரு அஞ்சு.’ ஒரு பேச்சு எதுத்துப் பேசமாட்டா. பதினோரு மாசம். ஒரு பெட்டி திரும்பி வந்ததில்லை. அண்ணாச்சி தீவாளிக்கு எனக்குச் சேலையே எடுத்துக் குடுத்தாரு, ‘உங்க கண்ணுக்குத்தான் அக்கா இது’ன்னு.

ஒண்ணு மட்டும் உறுத்தும். அச்சாகி முடிஞ்ச பெட்டி கைக்கு வரும்போது கொஞ்சம் பழுப்படிக்கும். அட்டைக்காரன் மட்ட அட்டை போடுறான்னு நினைச்சுக்கிட்டேன். இப்ப எதுதான் வெள்ளையா வருது, சொல்லு. பால் பாலா இருக்கா? சோப்புத்தூளு ரெண்டு கரண்டி கூடப் போட்டாலும் கதிரேசன் வேட்டி சாயத்தண்ணியில முக்கின மாதிரியே இருக்கு. சாயந்திரமானா வார வண்டி லைட்டெல்லாம் முள்ளு முள்ளா கண்ணைக் குத்துது, என்ன எழவு பல்பை மாட்டுறாங்களோ.

மீனாவுக்கு ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு சாத்தூருக்கு, அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிச்சோம். அவ எடத்துக்குப் பிச்சைமணின்னு ஒரு டிசைனர். மணிக்கணக்குக்கு வேலை பாக்கிறவன், நாலு பிரஸ்ஸுக்குப் போவான், நின்னு பேச நேரமிருக்காது. அண்ணாச்சிக்குப் புதுப்பெட்டி ஓடணும். நான் உக்காந்து, மஞ்சளைக் கொறை, நீலத்தை ஏத்துன்னு வழக்கம்போலப் பாஸ் போட்டேன். அவன் நான் பாஸ் போட்டதை அப்படியே பிளேட்டுக்கு அனுப்பிச்சிட்டான்.

முதல் ஷீட் வந்ததும் கதிரேசன் கையில எடுத்துக்கிட்டு ஓடி வாரான். ‘ஏம்மா, இட்லி நீலமா இருக்கேம்மா.’

நான் வாங்கிப் பாத்தேன். அடேயப்பா, மல்லிகைப்பூ மாதிரி இருக்கு! பதினோரு மாசமா இந்த வெள்ளைக்குத்தானே ஏங்கினேன்! ‘மிஷின் ஓட்டுற வேலையை நீ பாரு, கலரை நான் பாக்கிறேன்’னேன். ரெண்டாவது தடவையும் வந்தான். ‘எத்தனை வருசமாப் பாக்கிறேன்டா, ஓட்டு’ன்னேன். ஓட்டிட்டான். அம்மா சொல்லை இது வரைக்கும் தட்டுனவன் இல்லை.

அறுபதாயிரம் பெட்டி.

அண்ணாச்சி கார்ல இருந்து இறங்கவே இல்லை தாயி. கண்ணாடியை மட்டும் இறக்கி, பிரஸ் வாசப்படியில உக்காந்திருந்த என் மடியில பெட்டியைத் தூக்கிப் போட்டாரு. ‘என்னக்கா, இட்லியை அவிச்சு நீலம் போட்டு அலசுனீங்களா? கடைக்காரன் கேக்கிறான், இட்லி செத்து எத்தனை நாளாச்சுன்னு.’ டிரைவர் சிரிக்கிறான். நான் பெட்டியைப் பாக்கிறேன். மல்லிகைப்பூதான். மனுசருக்குக் கோவம் வந்தா வெள்ளையும் நீலமாத் தெரியும் போலன்னு நினைச்சேன். ஆனா தெருவே அதைத்தானே சொல்லுது. எதுத்த கடை டீ மாஸ்டர் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு, ‘அக்கா, உஜாலா நீலத்துல அவிச்ச இட்லியா?’ங்கிறான்.

அப்பத்தான் பிச்சைமணி ஒண்ணு சொன்னான். ‘அக்கா, என் மேல தப்பில்லை. இந்தக் கம்ப்யூட்டர்ல எல்லா வேலைக்கும் ரெண்டு ஃபைல் இருக்கு. ஒண்ணுக்கு “அத்தை பார்த்தது”ன்னு பேரு. இன்னொண்ணுக்கு “பிளேட்டுக்கு”ன்னு பேரு. எனக்கென்ன தெரியும், நீங்க பாத்ததை அனுப்பிச்சேன்.’

கேட்டியா? நான் பாத்தது ஒண்ணு, அவ பிளேட்டுக்கு அனுப்பினது வேற ஒண்ணு. பதினோரு மாசமா என்னைச் சாமி சிலை மாதிரி உக்கார வச்சுப் பூப்போட்டுட்டு, பின்வாசல் வழியா வேற வேலை நடத்தியிருக்கா. ‘சரித்தை, சரித்தை’ன்னா, அந்தச் சரிக்கு இதுதான் அர்த்தம். போன்ல கேட்டேன். அழுதா. ‘உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்த்தை. நான் வந்ததும் ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துருவோம்’ங்கிறா. என் கண்ணையாம்! ஊசியில நூல் கோக்க முடியலைங்கிறது வாஸ்தவந்தான். இப்ப ஊசிக்குக் காதே வைக்க மாட்டேங்கிறான், அதுக்கு நான் என்ன பண்ண?

நீ யோசிச்சுப் பாரு. அவ எதுக்கு ரெண்டு ஃபைல் வைக்கணும்? அந்த மானிட்டர் பொய் சொல்லுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் சொல்லலை. அத்தை அசிங்கப்படட்டும்னு விட்டுட்டா. அப்படித்தானே? வேற என்ன இருக்க முடியும்? நீ என்னமோ சொல்ல வாயெடுக்கிற.

இல்லை, பேசாத. முழுசும் கேளு.

அண்ணாச்சி கடைசியா ஒரு வாய்ப்புக் குடுத்திருக்காரு. மறு அச்சு எங்க செலவு. இன்னைக்கு நாலு மணிக்கு அவரே வந்து மிஷின் பக்கத்துல நிப்பாரு. முதல் ஷீட் சரியா வந்தா வேலை எங்களுக்கு. இல்லைன்னா பூராவும் வேற பிரஸ்ஸுக்கு. அவர் போனா மிஷின் நிக்கும். கதிரேசன் ராத்திரிச் சோறு திங்கும்போது தலையைத் தூக்காமச் சொல்றான், ‘மிஷினைக் குடுத்துட்டு கோயமுத்தூர்ல சம்பளத்துக்குப் போறேம்மா. மீனாவையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.’ ‘நான்?’னு கேட்டேன். ‘நீயும் வா’ன்னான். எதுக்கு? பேரன் துணி அலசவா?

அதுக்குத்தான் இந்த மானிட்டர். பொய் சொல்லாத மானிட்டர் ஒண்ணு வேணும்னு எட்டு நாளைக்கு முன்னால மதுரை வந்தேன். முப்பத்தோராயிரத்துக்கு ஒண்ணு தந்தாங்க. இருபத்தேழு இஞ்ச், கண்ணுக்கு இதம், அது இதுன்னாங்க. வீட்டுல மாட்டினா அதே மஞ்சள். மாத்திக் குடுன்னு இன்னைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்குத் தூக்கிட்டு வந்தேன்.

கடையில பர்வீன்னு ஒரு பொண்ணு. தங்கமான பொண்ணு, ரெண்டு மணி நேரம் என்கூட நின்னா. மூணு மானிட்டரை வரிசையா வச்சு, என் பென்டிரைவ்ல இருந்த, இன்னும் கலர் மாத்தாத இட்லிப் படத்தை மூணுலயும் போட்டா. ‘பாட்டிம்மா, இது நாப்பத்தொம்பது. நாலு கே. புள்ளி தெரியாது.’ புள்ளி தெரியாதது இருக்கட்டும்மா, மஞ்சள் தெரியுதேன்னேன். ‘அப்ப இது அறுபத்திரண்டு. ஓலெட். இருநூத்தி நாப்பது ஹெர்ட்ஸ். இது காட்டுற கறுப்பு வேற எதுலயும் வராது.’ கறுப்பை வச்சு நான் என்ன பண்ண? இட்லியா, கருவாடா? வெள்ளையைக் காட்டுன்னேன். ஹெர்ட்ஸ்னா என்னன்னு கேட்டேன். ஒரு செகண்டுக்கு இருநூத்தி நாப்பது தடவை படத்தை மாத்துமாம். எங்க இட்லி எங்க ஓடப் போகுது, இலையிலதானே உக்காந்திருக்கு!

கடைசியா இதைக் காட்டினா. முப்பத்திரண்டு இஞ்ச். பிரஸ்காரங்க, சினிமாக்காரங்க வாங்குறதாம். தன் கலரைத் தானே அளந்து தானே சரி பண்ணிக்குமாம். வெளிச்சம் படாம இருக்க மூணு பக்கமும் மறைப்பு, குதிரைக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. ஃபேக்டரியிலயே அளந்து சர்டிபிகேட் போட்டு அனுப்புறாங்க. அந்தக் காகிதத்தைக் கையில குடுத்தா. காகிதமே பழுப்பா இருக்கு தாயி! ‘என்னம்மா, பழைய ஸ்டாக்கைத் தலையில கட்டுறியா?’ன்னேன். அந்தப் பொண்ணு காகிதத்தைப் பாக்குது, என் முகத்தைப் பாக்குது.

நான் சும்மா விடுவேனா? பக்கத்து ஓட்டல்ல போயி ஒரு பிளேட் இட்லி பார்சல் வாங்கியாந்தேன். சிரிக்காத. சுடச்சுட இட்லியை இலையோட தூக்கி, ஒவ்வொரு மானிட்டர் பக்கத்துலயும் பிடிச்சுப் பாத்தேன். கடை பூராம் கூடிருச்சு. நாப்பத்தொம்பது, கொஞ்சம் தள்ளி நிக்குது. அறுபத்திரண்டு, பளபளன்னு மினுக்குது. இந்த எழுபத்தெட்டு இருக்கே, அச்சு அசல் இட்லி. ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. ரெண்டும் ஒரே மஞ்சள்.

‘ஓட்டல்காரன் பழைய அரிசியில போட்டிருக்கான்’னேன். பர்வீன் ஒரு துண்டு பிட்டு வாயில போட்டுக்கிட்டு, ரொம்ப மெதுவாச் சொன்னா, ‘பாட்டிம்மா, இட்லி வெள்ளையாத்தான் இருக்கு. நீங்க எதையும் வாங்க வேண்டாம். வீட்டுக்குப் போங்க.’ விக்கிறவ வாங்காதங்கிறா, பாத்தியா? இதுதான் நல்ல சரக்கு, கைவிட மனசில்லைன்னு புரிஞ்சுக்கிட்டேன். பேரனுக்கு அரைஞாண் எடுக்கச் சேத்து வச்ச சீட்டுப்பணம் பையில இருந்துச்சு. திருப்பிக் குடுத்த மானிட்டரோட முப்பத்தோராயிரம் போக மிச்சத்தை எண்ணி வச்சுட்டேன்.

பேரனா? பிறந்து இருபத்திரண்டு நாளாச்சு. பாக்கலை. பிறந்த பிள்ளை நாக்குல முதல் இனிப்பா சேனை தொட்டு வைக்க நானில்ல போயிருக்கணும், சம்பந்தியம்மாவே வச்சுக்கிட்டாங்க.

கோவந்தான். கோவம்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். உன்கிட்ட என்ன, நீ திருத்தங்கல்ல இறங்கிப் போறவ. பிறந்த மூணாம் நாள் மீனா போன்ல போட்டோ அனுப்பினா. பாத்ததும் எனக்கு உசுரே இல்லை. பிள்ளை மஞ்சள்! உள்ளங்கை மஞ்சள், நெத்தி மஞ்சள், கண்ணு முழி மஞ்சள். ‘ஐயோ, காமாலைடா!’ன்னு கதிரேசனைப் பிடிச்சு உலுக்கி, சாத்தூருக்குப் போன் போட்டுக் கத்தி, பச்சைப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்க வச்சு, குதிகால்ல ஊசி குத்தி ரத்தம் எடுக்க வச்சேன் தாயி. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. டாக்டரம்மா கேட்டாங்களாம், ‘யாரும்மா காமாலைன்னு சொன்னது? பிள்ளை ரோசாப்பூ மாதிரி இருக்கு’ன்னு. சம்பந்தியம்மா போன்ல கேட்டாங்க, ‘எங்க பிள்ளையைக் குத்த வச்சுட்டீங்களே, உங்களுக்கு இப்பக் குளுந்துச்சா?’

போன் பொய் சொல்லியிருக்கு. மானிட்டர் மாதிரிதானே போனும்.

நேர்ல போயி அந்தப் பிள்ளையைக் கையில வாங்கும்போதும் மஞ்சளா இருந்தா?

விருதுநகர் தாண்டிருச்சா? மணி ரெண்டரையா. நேரமில்லை தாயி. இந்தப் பையைக் கொஞ்சம் பிடி, உனக்கு ஒண்ணு காட்டுறேன். ரெண்டு பெட்டி மடக்கி வச்சிருக்கேன். இது அவ ‘பிளேட்டுக்கு’ன்னு அனுப்பி அடிச்சது. இது நான் பாஸ் போட்டது. நல்லாப் பாரு. அவசரப்படாத. நீ ரெண்டு பேர்ல யாரையும் தெரியாதவ, ஒரு பக்கமும் சாய வேண்டாம். எந்த இட்லி வெள்ளை?

இதா?

சரியாப் பாத்தியா? ஜன்னலுக்கு நேரா வச்சுப் பாரு. இதுன்னா சொல்ற? இது அவளோடதும்மா.

ஏப்பா கண்டக்டர், இங்க வா. டிக்கெட்டுக்கு இல்லப்பா, ஒரு நிமிசம். இந்தா, இந்தப் பெட்டியில என்ன தெரியுது உனக்கு?

கேட்டியா? நான் பாஸ் போட்டதைப் பாத்துட்டு, ‘என்ன பாட்டி, சொட்டு நீலத்துக்கு விளம்பரமா?’ங்கிறான்.

இந்த பஸ்காரங்க ஜன்னலுக்கு மஞ்சக் காகிதம் ஒட்டி வச்சிருக்காங்க, அதான்...

ஜன்னல் திறந்துல்ல கிடக்கு.

சரி.

சரி தாயி. நீ என் கையைப் பிடிக்க வேண்டாம், எனக்கு ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம். மீனா நேத்தே சொன்னா, ‘வீடியோ கால்ல வாங்கத்தை, நான் பாத்துச் சொல்றேன், வெளிய தெரியாது’ன்னு. அவகிட்டக் கேக்கிறதுக்குப் பதிலா நான் அந்த நாற்காலியைத் தூக்கி எரிச்சிருவேன். ஆனா நாலு மணிக்கு ஷீட் வரும். கதிரேசன் என் முகத்தைப் பாப்பான். அண்ணாச்சியும் பாப்பாரு. நான் போதும்னு சொல்லணும். எப்பப் போதும்னு எனக்கு எப்படித் தெரியும்?

காதுகுத்து எத்தனை மணிக்கு? சாயந்திரம் அஞ்சா? அப்ப நேரம் இருக்கு. திருத்தங்கல்ல இறங்காத. சிவகாசி வரைக்கும் வா, டிக்கெட் நான் எடுக்கிறேன், திரும்ப ஆட்டோ வச்சு வாசல்ல கொண்டாந்து விடச் சொல்றேன். என் ஒண்ணுவிட்ட தங்கச்சி மகள்னு சொல்லிக்கிறேன். அரை மணி நேரந்தான். என் பக்கத்துல ஒட்டி நில்லு. ஷீட் வரும், மிஷின்லயும் மையைக் கொஞ்சம் கூட்டிக் கொறைக்கலாம், நான் மஞ்சளைக் கொறைன்னோ ஏத்துன்னோ சொல்லிக்கிட்டே இருப்பேன், நீ கண்டுக்காத. இட்லி வெள்ளையா வந்துருச்சுன்னு உனக்குத் தெரிஞ்சதும், முந்தானைக்குள்ள இருந்து என் முழங்கையில ஒரு தட்டுத் தட்டு. தட்டினாப் போதும். வாயைத் திறந்து சொல்லிறாத தாயி, என் மகன் பக்கத்துலயே நிப்பான்.